லெப்டினன்ட் பிராட்லியின் குறிப்பேடு: ஆடிக்கொண்டிருந்தபோது கொடுத்த சைகை

நெய்தல்வாணன் (இழையைத் தொடங்கியவர்) · வெள்ளி, இரவு 10.15

வணக்கம் நண்பர்களே. சிட்னிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சர்க்குலர் கீயில் ஃபெர்ரி ஏறி மான்லி போகும்போதெல்லாம் இடப்பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு முனை வரும். பிராட்லிஸ் ஹெட் என்பார்கள். யார் அந்தப் பிராட்லி என்று நான் கேட்டதே இல்லை. போன மாதம் மகள் பள்ளி வேலைக்காக ஏதோ தேடியபோது அவருடைய கையெழுத்துக் குறிப்பேடு நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தின் இணையதளத்தில் முழுதாகக் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் இரவு சில பக்கங்கள் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வில்லியம் பிராட்லி, 'சிரியஸ்' என்ற போர்க்கப்பலின் முதல் லெப்டினன்ட். 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பதினொரு கப்பல்களில் சிரியஸும் ஒன்று. 1788 ஜனவரியில் வந்து சேர்ந்தார்கள். இறங்கிய இரண்டாவது நாளே, ஜனவரி 28, கேப்டன் ஜான் ஹண்டரும் பிராட்லியும் படகில் போய்த் துறைமுகத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே நங்கூரம் போடலாம் என்று எல்லாம். அந்த முனைக்கு இவர் பெயர் வந்தது அப்படித்தான்.

குறிப்பேட்டில் 29 நீர்வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. எல்லாம் அவரே வரைந்தவை. கூடவே கடல் வரைபடங்கள். நான் இந்த இழையைத் தொடங்கியது இரண்டு பக்கங்களுக்காக.

முதலாவது, 1788 ஜனவரி 29. அளக்கப் போன படகு ஒரு சிறு விரிகுடாவில் ஒதுங்குகிறது. கரையில் அந்த மண்ணின் மக்கள். இவர்களும் அவர்களும் கலந்து, எல்லோருமாகச் சேர்ந்து ஆடினார்கள் என்று பிராட்லி எழுதுகிறார். அதற்கான ஓவியமும் இருக்கிறது: சிவப்புச் சட்டைக்காரர்களும் கரிய உடல்களும் கைகோத்து ஆடுகிறார்கள். படத்தின் ஓரத்தில், சின்னச் சின்ன உருவங்களாக.

இரண்டாவது, 1789 நவம்பர் 25. இடம் மான்லி கடற்கரை. ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் ஆணைப்படி இரண்டு ஆண்களைப் பிடித்துவர இரண்டு படகுகளோடு பிராட்லி போகிறார். இரண்டு பெரிய மீன்களைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இருவர் தங்கள் ஈட்டிகளை வைத்துவிட்டுப் பாறைகளைச் சுற்றி வருகிறார்கள், ஆசையோடு மீனை வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் நடந்ததைப் பிராட்லி சொல்கிறார்: எல்லோரும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது நான் சைகை கொடுத்தேன், அந்தப் பாவப்பட்ட இருவரையும் ஒரு நொடியில் பிடித்துப் படகில் போட்டார்கள். கரையில் ஆண்களின் கூச்சல், பெண்களும் குழந்தைகளும் அழுத அழுகை. எனக்கு இடப்பட்ட வேலைகளிலேயே இதைவிட மனம் ஒவ்வாத வேலை ஒன்று இருந்ததில்லை என்று முடிக்கிறார். இதையும் அவர் படமாக வரைந்திருக்கிறார்.

அதே மனிதர், முதலிலும் ஆட்டம், பிறகும் ஆட்டம். இந்தக் குறிப்பேட்டை எப்படிப் படிப்பது? இவருடைய வருத்தத்தை எவ்வளவு நம்புவது? உங்களில் பழைய ஆவணங்கள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுப்பூச்சி · சனி, காலை 7.02

அருமையான தொடக்கம், நெய்தல். முப்பது வருடம் பழைய காகிதங்களுக்கு நடுவே வேலை பார்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டும் உங்கள் வாசிப்பைக் கொஞ்சம் மாற்றும்.

ஒன்று, நீங்கள் பார்ப்பது கப்பலில் அன்றன்று எழுதிய ஏடு இல்லை. அது சுத்தப் பிரதி. நூலகத்தின் பட்டியலே 1802க்குப் பிறகு தொகுக்கப்பட்டது என்று குறிக்கிறது. பிராட்லி 1792லேயே இங்கிலாந்து திரும்பிவிட்டார். ஆக, பத்து வருடத்துக்கு மேல் கழித்து, பழைய நாட்குறிப்புகளையும் ஓவியங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, தலைப்பு போட்டு, பக்கம் பிரித்து, ஒரு புத்தகம்போல எழுதியிருக்கிறார். அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. அந்த மாநில நூலகத்தின் பகுதியான மிட்செல் நூலகம் 1924ல் அதை வாங்கியது. 1969ல்தான் கையெழுத்து அப்படியே தெரியும்படி நகல் பதிப்பாக வந்தது.

எனவே 'மனம் ஒவ்வாத வேலை' என்ற அந்த வாக்கியம் 1789 நவம்பர் இரவில் எழுதியதா, நாற்பது வயது தாண்டிய ஒருவர் திரும்பிப் பார்த்து எழுதியதா என்பது அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு சின்னத் தடயம் பாருங்கள். ஓவியத்தின் தலைப்பில் கோல்பீ, பெனலாங் என்ற பெயர்கள் இருக்கின்றன. பிடித்த நொடியில் பிராட்லிக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வழியில்லை. அவர்களைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்த பிறகு, அங்கே வளர்ந்துகொண்டிருந்த நான்பரி என்ற சிறுவனும் அபாரூ என்ற சிறுமியும் அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படத்தின் தலைப்பாவது நிகழ்ச்சிக்குப் பின்னால் வந்தது.

இரண்டாவது, உங்கள் ஆட்டப் படம். அதன் அடியில் எழுதியிருப்பதை இன்னொரு முறை பாருங்கள். புரோக்கன் பே, மார்ச் 1788 என்று இருக்கும். ஜனவரி 29ன் பத்தியும் அந்தப் படமும் ஒரே நிகழ்ச்சி என்று பலரும் ஒட்டவைத்துவிடுகிறார்கள். இடமும் வேறு, மாதமும் வேறு. எழுத்தையும் படத்தையும் தனித்தனிச் சாட்சிகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

நெய்தல்வாணன் · சனி, காலை 8.30

ஐயா, மிக்க நன்றி. இப்போது திறந்து பார்த்தேன். புரோக்கன் பே என்றுதான் இருக்கிறது. நான் அவசரப்பட்டு இணைத்துவிட்டேன். அப்படியானால் இரண்டு ஆட்டம் இல்லை, குறைந்தது மூன்று என்றாகிறது. எனக்கு இது இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. ஆடுவது அவர்களுக்குள் பழக்கமாகிவிட்ட ஒன்று. அந்தப் பழக்கத்தையே தூண்டிலாக்கியிருக்கிறார்கள்.

---

மரக்காரன்மகன் · சனி, பகல் 1.20

வணக்கம். நான் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். அப்பா கட்டுமரத்தில் போனவர். இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பிராட்லி குறிப்பேட்டின் தட்டச்சுப் பிரதியில் 'கனூ' (சிறு படகு) என்று தேடிப் பார்த்தேன். எனக்கு அவர்கள் படகுதான் முக்கியம்.

அந்த மக்களின் படகு ஒரே மரப்பட்டை. மரத்திலிருந்து நீளமாக உரித்து, இரண்டு முனையையும் மடக்கிக் கட்டி, நடுவில் குச்சி வைத்து விரித்துவிடுவார்கள். பிராட்லி முதலில் என்ன எழுதுகிறார் தெரியுமா? நான் பார்த்ததிலும் கேள்விப்பட்டதிலும் இவ்வளவு மோசமான படகு கிடையாது என்கிறார். எட்டு அடி நீளத்தில்கூடப் பார்த்தாராம். கடற்படைக்காரர், பெரிய கப்பலில் வாழ்ந்தவர், அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. அதே படகில் அவர்கள் பெரிய கரையலை உடையும் இடத்தில் துடுப்புப் போட்டு வருவதைப் பார்த்தேன், கவிழவும் இல்லை, அமைதியான தண்ணீரில் வருவதைவிட அதிகமாகத் தண்ணீர் ஏறவும் இல்லை என்று எழுதுகிறார். இதைப் படித்ததும் எனக்கு அந்த ஆள் மேல் ஒரு மரியாதை வந்தது. கடலில் இருந்தவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கட்டுமரத்தைக் கரையலையில் இறக்குவதும் ஏற்றுவதும்தான் உயிர் போகிற இடம். நடுக்கடல் அதற்கு அப்புறம்தான். அவர் படகைப் பார்த்து இகழ்ந்தார், ஓட்டுகிறவரைப் பார்த்து அசந்தார். இரண்டையும் அழிக்காமல் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

நெய்தல் அண்ணா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கண்ணால் பார்த்ததை எழுதும் இடங்களில் நான் அவரை நம்புவேன்.

---

குறிஞ்சிக்குமரன் · சனி, பகல் 2.05

அந்த மக்கள் மொழியில் படகுக்கு 'நவி' என்று பெயராம். நம் 'நாவாய்' போலவே இருக்கிறதே! தொடர்பு இருக்குமா?

---

ஏட்டுப்பூச்சி · சனி, பகல் 2.40

தம்பி, 'நவி' அல்லது 'நோவி' என்று அக்காலக் குறிப்புகளில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு சொல்லின் ஓசை ஒத்துப்போவதை வைத்து உறவு சொல்லக்கூடாது. பல சொற்கள் ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு ஒத்து வரவேண்டும், இலக்கணமும் ஒத்து வரவேண்டும். இங்கே அப்படி எதுவும் நிறுவப்படவில்லை. அந்தச் சொல் அவர்களுடையது, அப்படியே இருக்கட்டும். மொழி பற்றிப் பேச இந்தக் கதையில் வேறு பெரிய செல்வம் இருக்கிறது, அந்த மொழியைக் கேட்டு எழுதிவைத்த டாஸ் என்ற அதிகாரியைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

---

வண்ணக்கிண்ணம் · சனி, மாலை 6.50

நான் ஓவிய ஆசிரியை. இந்த 29 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கலை என்ற அளவில் பிராட்லி பெரிய ஓவியர் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனித உருவங்கள் விறைப்பாக இருக்கும், மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் கடலையும் கரையின் வளைவையும் கப்பலையும் பாருங்கள், கை தடுமாறவே இல்லை.

காரணம் இருக்கிறது. புகைப்படம் வருவதற்கு முன்னால் கடற்படை அதிகாரிக்கு வரைவது வேலையின் ஒரு பகுதி. கப்பல் மேல்தளத்திலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரிகிறது, எந்த மலை எந்த முனைக்கு நேராக வருகிறது என்று நீளமான பட்டையாக வரைந்து வைப்பார்கள். அடுத்து வரும் கப்பல்காரன் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இடத்தை அடையாளம் காண்பான். கரைத்தோற்றம் ஒன்று தப்பாகிப்போனால் அடுத்த கப்பல் பாறையில் மோதும். அழகுக்காக மலையை உயர்த்தும் உரிமை அவனுக்கு இல்லை. வண்ணம் தூக்கிப்போவதும் அப்போதுதான் சுலபமாகியிருந்தது. லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் கட்டி வடிவ நீர்வண்ணங்களைச் செய்து 1781ல் கலைச் சங்கத்தின் பரிசு வாங்கினார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும். அதற்கு முன்பு பொடியை அரைத்துப் பிசின் கலந்து அவரவரே தயாரிக்கவேண்டும்.

இப்போது மான்லி படத்தைப் பாருங்கள். நிகழ்ச்சி அவ்வளவு கொடியது, ஆனால் உருவங்கள் சிறியவை. நிலமும் நீரும்தான் தாளை நிரப்பியிருக்கின்றன. 'தூரத்தில் வைத்து மனசாட்சியைத் தப்பிக்கவைத்தார்' என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய எல்லாப் படமும் அப்படித்தான், ஆட்டப் படமும் அப்படித்தான். அவருக்குப் பழகிய ஒரே தூரம் கப்பலிலிருந்து கரைக்கு உள்ள தூரம்.

இன்னொன்று. சிரியஸ் கப்பலில் வரைந்தவர் அவர் மட்டும் இல்லை. கேப்டன் ஹண்டர் பறவைகளையும் பூக்களையும் வரைந்த ஏடு கான்பெராவில் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ராப்பர் என்ற இளம் அதிகாரி எல்லோரையும்விட நல்ல கை. அவர் வரைந்த 56 படங்கள் இங்கிலாந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் சேகரிப்பில் யாருக்கும் தெரியாமல் கிடந்து, 2004ல் வெளிப்பட்டு, அடுத்த வருடம் அதே தேசிய நூலகத்துக்கு வந்தன. லார்ட் ஹாவ் தீவில் இருந்து பிறகு அடியோடு அழிந்துபோன புறாவை ராப்பர் வரைந்திருக்கிறார். ஒரு கப்பலின் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஹண்டரின் சில பறவைகளும் ராப்பரின் பறவைகளும் ஒரே நிலையில் நிற்கும்.

---

பூவரசு · சனி, இரவு 11.30

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது துங்காபியில் இருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது. ஆனால் ஒரு குறை சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம். இவ்வளவு நேரமாகப் பிராட்லியின் மனதைப் பற்றியே பேசுகிறோம். படகில் தூக்கிப் போடப்பட்டவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

1789 ஏப்ரலில் துறைமுகக் கரையெங்கும் பெரியம்மை பரவியது. அப்போது சிரியஸ் உணவு வாங்க நன்னம்பிக்கை முனைக்குப் போயிருந்தது. மே மாதம் திரும்பி வந்தபோது துறைமுகத்துக்குள் வரும் வழியில் ஒரு மனிதரையோ ஒரு படகையோ காணவில்லை என்று ஹண்டர் எழுதுகிறார். போகும்போது படகுகள் நிறைந்திருந்த தண்ணீர் அது. பாறை இடுக்குகளில் பிணங்கள் கிடந்தன. நான்பரியும் அபாரூவும் அந்த நோயில் சொந்தங்களை இழந்து வெள்ளையர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். அதற்கு முன்பே அரபனூ என்பவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1788 கடைசி நாளில், அதே மான்லியில். நோயில் விழுந்த தன் மக்களைப் பார்த்துக்கொண்ட அவரும் மே மாதம் அதே நோயில் செத்தார். ஆளுநருக்கு மொழி கற்றுத்தர ஆள் இல்லாமல் போனது. அதனால்தான் நவம்பரில் பிராட்லியை அனுப்பினார்கள். பூர்வகுடிகளோடு நட்பாக வாழவேண்டும் என்று அரசரின் கட்டளைப் பத்திரத்தில் இருந்தது. அதை நிறைவேற்றத்தான் ஆட்களைக் கடத்தினார்கள்.

பிடிபட்ட கோல்பீ மூன்று வாரத்துக்குள் தப்பிவிட்டார். பெனலாங் அடுத்த மே மாதம் தப்பினார். 1790 செப்டம்பர் 7 அன்று, அதே மான்லிக் கரையில், பெனலாங்கைப் பார்க்க வந்த ஆளுநர் பிலிப்பின் தோளில் ஒருவர் ஈட்டி எறிந்தார். பிலிப் பிழைத்தார், பழிவாங்க ஆளனுப்பவும் இல்லை. கடத்தலுக்குக் கொடுக்கப்பட்ட முறைப்படியான தண்டனை அது என்று படிப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் படிக்கிறேன். தண்டனை முடிந்த பிறகுதான் பெனலாங் தானாகக் குடியிருப்புக்கு வந்து போகத் தொடங்கினார். பிறகு பிலிப்போடு இங்கிலாந்து போய், 1795ல் திரும்பி, 1813 ஜனவரியில் இறந்தார்.

நெய்தல் அண்ணை, நீங்கள் ஃபெர்ரியில் ஏறியதும் வலப்பக்கம் ஒப்ரா ஹவுஸ் வருகிறதல்லவா, அந்த இடத்தின் பெயர் பெனலாங் முனை. ஆளுநர் அவருக்கு அங்கே ஒரு குடில் கட்டிக் கொடுத்திருந்தார். கொஞ்சத் தூரம் போனால் இடப்பக்கம் பிராட்லி முனை. பிடித்தவர் பெயரும் பிடிபட்டவர் பெயரும் தண்ணீருக்கு இரண்டு பக்கமும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் பத்து வருடமாக அந்த வழியாக வேலைக்குப் போனேன், எனக்கும் தெரியாது.

---

நெய்தல்வாணன் · ஞாயிறு, காலை 6.45

பூவரசு அக்கா, நீங்கள் சொன்னது சரி. நான் தொடங்கிய விதமே அப்படி ஆகிவிட்டது. குறிப்பேட்டில் அந்த இருவரில் ஒருவர் படகிலிருந்து கரையைப் பார்த்துக் கோபமாகக் கத்திக்கொண்டே வந்தார் என்று ஒரு வரி இருக்கிறது. கரையில் நின்ற தன் ஆட்கள் மேலேயே கோபப்பட்டது போலிருந்தது என்று பிராட்லி நினைக்கிறார். என்ன கத்தினார் என்று அவருக்குப் புரியவில்லை. பிராட்லியிடம் அந்த மொழி இல்லை. அந்த வரியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன், நேற்று இரவு திரும்பப் போய்ப் படித்தேன்.

---

ஏட்டுப்பூச்சி · ஞாயிறு, காலை 9.10

பூவரசு எழுதியதற்குப் பிறகு டாஸ் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

வில்லியம் டாஸ், அதே கப்பலில் வந்த கடற்படை வீரர்ப் பிரிவு லெப்டினன்ட். விண்மீன் பார்ப்பவர். குடியிருப்பிலிருந்து தள்ளி, இன்று துறைமுகப் பாலத்தின் தெற்கு அடி இருக்கும் முனையில், குடிசை போட்டுத் தங்கினார். அங்கே பட்யகரங் என்ற இளம்பெண்ணும் மற்றவர்களும் வந்து பேசுவார்கள். அவர் கேட்டதைக் கேட்டபடி சிறு ஏடுகளில் எழுதினார். வெறும் சொல்பட்டியல் இல்லை. முழு வாக்கியங்கள், வினைத்திரிபுகள், யார் எந்தச் சூழ்நிலையில் சொன்னார்கள் என்பதுகூட இருக்கிறது. நெருப்பில் கையைச் சூடாக்கி இன்னொருவரின் விரல்களை மெல்ல அழுத்துவதற்கு ஒரு தனிச் சொல்கூட இருக்கிறது, அந்த மாதிரி வீட்டுப் பேச்சு. அந்த ஏடுகள் லண்டனில் கீழைத்தேய மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரியின் நூலகத்தில் கிடந்தன, 1972ல்தான் கண்டுகொள்ளப்பட்டன. இன்று சிட்னி மொழியை மீட்டெடுக்கும் அந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு அவைதான் முதல் ஆதாரம். கரையில் நின்றவர்களின் குரல் கேட்கவேண்டுமென்றால் பிராட்லியை விட்டு டாஸிடம் போகவேண்டும்.

பிராட்லி கட்டளைக்குப் பணிந்துதானே செய்தார் என்று யாராவது கேட்டால், அதற்கும் டாஸ் ஒரு பதில். 1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டைக்காரன் ஈட்டியால் குத்தப்பட்டபோது, பழிவாங்க ஒரு படை அனுப்பப்பட்டது. டாஸ் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். பாதிரியார் பேசி வற்புறுத்தி அனுப்பிவைத்தார். படை ஒருவரையும் பிடிக்காமல் திரும்பியது. போனதற்காக வருந்துகிறேன், இனி இப்படியொரு கட்டளைக்குப் பணியமாட்டேன் என்று டாஸ் வெளிப்படையாகச் சொன்னார். ஆளுநரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு 1791 கடைசியில் ஊர் திரும்பவேண்டியதாயிற்று. ஆக, அந்தக் காலத்து அதிகாரிக்கு 'முடியாது' என்ற சொல் தெரிந்துதான் இருந்தது. பிராட்லி வருந்தினார், ஆனால் செய்தார். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க நான் இதைச் சொல்லவில்லை. வருத்தத்தை எழுதியது பெரிய விஷயம் என்று நாம் நெகிழும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

---

தமிழினி_கல்லூரி · ஞாயிறு, பகல் 12.15

நான் வரலாறு இளங்கலை இரண்டாம் ஆண்டு. ஒரு கேள்வி: பிராட்லி பின்னால் என்ன ஆனார்? புகழ் பெற்றாரா?

---

நெய்தல்வாணன் · ஞாயிறு, பிற்பகல் 3.30

தமிழினி, இல்லை. அவர் கதை வேறு மாதிரி முடிந்தது.

1790 மார்ச் 19 அன்று சிரியஸ் நார்ஃபோக் தீவின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. பட்டினியில் இருந்த சிட்னியிலிருந்து ஆட்களைப் பிரித்து அந்தத் தீவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, கயிறு கட்டி அலைக்குள் ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்த்தார்கள். கப்பல்காரர்கள் பதினோரு மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பிட் மலையில் இரவில் வந்து வளையில் முட்டையிடும் கடற்பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்துத் தின்றுதான் பிழைத்தார்கள். அந்தப் பறவை அந்தத் தீவிலிருந்தே பிறகு இல்லாமல் போனது. உடைந்த கப்பலைப் பிராட்லி வரைந்த படம் குறிப்பேட்டில் இருக்கிறது. முதல் லெப்டினன்ட் என்றால் கப்பலின் ஒவ்வொரு கயிறும் அவர் பொறுப்பு. அந்தக் கப்பலை அலை அடித்து நொறுக்குவதை உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

1792ல் ஒரு டச்சுக் கப்பலில் ஊர் திரும்பினார்கள். ராணுவ நீதிமன்றம் கப்பல் இழப்புக்காக விசாரித்துக் குற்றமில்லை என்று விடுவித்தது. பிரான்சோடு நடந்த போர்களில் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். 1809 வாக்கில் மனநிலை பாதிப்பு தெரிந்தது. 1812ல் ரியர் அட்மிரல் என்ற பதவியோடு ஓய்வு கொடுத்தார்கள்.

1814ல் கைதானார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரும் கடிதங்களைத் தபால் நிலையத்தில் ஒப்படைத்தால் ஒன்றுக்கு இரண்டு பென்ஸ் கிடைக்கும். அப்படி 411 கடிதம் கொண்டுவந்ததாகப் பொய்க்கணக்குக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் மூன்றரைப் பவுண்டுகூட வராது. அதற்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்தார்கள், ஆனால் பதவியும் ஓய்வூதியமும் போயின. பிரான்சுக்கு நாடுகடந்து போய், லெ ஆவ்ர் பக்கம் வாழ்ந்து, 1833ல் இறந்தார். இருபத்தாறு வருடம் முன்பு கைதிகளை ஏற்றிக்கொண்டு கடல்கடந்த அதிகாரி, தானே ஒரு குற்றவாளிக் கூண்டில் நின்றார். அந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களில் பலர் இதைவிடச் சிறிய திருட்டுக்காக வந்தவர்கள்.

---

வண்ணக்கிண்ணம் · ஞாயிறு, மாலை 5.10

மனம் பாதிக்கப்பட்ட ஒருவரை மூன்று பவுண்டுக்காகத் தூக்கில் போட நினைத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு படங்களை இன்னொரு முறை பார்த்தேன். அவை அதே படங்கள்தான். அவருடைய முடிவை வைத்துக் குறிப்பேட்டைச் சந்தேகிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கரையின் வளைவும் ஆழ எண்ணும் அவர் நன்றாக இருந்த காலத்தில் எடுத்தவை.

---

குறிஞ்சிக்குமரன் · ஞாயிறு, மாலை 5.45

ஒரு கிளைக்கதை. பிராட்லி முனையில் ஒரு கப்பலின் பாய்மரத் தூண் நிற்கிறது அல்லவா? அது முதல் உலகப்போரின் 'சிட்னி' போர்க்கப்பலுடையது. 1914 நவம்பரில் எம்டனை வீழ்த்தியது அந்தக் கப்பல்தான். செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த அதே எம்டன். என் பாட்டி சாமர்த்தியமான ஆளைப் பார்த்தால் 'அவன் ஒரு எம்டன்' என்பார். அந்தச் சொல்லின் மறுமுனை அங்கே நிற்கிறது.

---

நெய்தல்வாணன் · ஞாயிறு, இரவு 8.00

குமரா, அந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்து எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறோம், எம்டன் என்று தெரியாது. நன்றி.

இன்று மகளோடு மான்லி போனேன். ஃபெர்ரித் துறைக்குப் பக்கத்துக் கரை. குழந்தைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். 'பாறைகளைச் சுற்றி வந்தார்கள்' என்ற வரியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பாறை என்று தேடினேன். சுவர் கட்டி நிரப்பியதில் எதுவும் பிடிபடவில்லை. மகள், 'மீனைச் சாப்பிட்டார்களாப்பா?' என்று கேட்டாள். தட்டச்சுப் பிரதியைத் திறந்து பார்த்தேன். வாங்கிக்கொண்டார்கள் என்பதோடு சரி.

அடுத்த வாரத்திலிருந்து ஜனவரி 28ல் தொடங்கி நாளுக்கு ஒரு பதிவாகத் தமிழில் சுருக்கி இங்கே போடலாம் என்று நினைக்கிறேன். டாஸின் ஏடுகளைப் பூவரசு அக்கா பார்த்துக்கொண்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

---

பூவரசு · ஞாயிறு, இரவு 9.25

சம்மதம். பட்யகரங் சொன்ன வாக்கியங்களை மட்டும் முதலில் எடுக்கிறேன்.

---

மரக்காரன்மகன் · ஞாயிறு, இரவு 10.40

என்னிடம் படகு பற்றிய பகுதிகளைக் கொடுங்கள். இன்று மாலை அந்தக் கரையலை வரியை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். எழுபத்தெட்டு வயது, இப்போது கடலுக்குப் போவதில்லை. பட்டைப் படகு என்றதும் எந்த மரம் என்று கேட்டார். பெண்கள்தான் அதில் போய்த் தூண்டில் போடுவார்கள், நடுவில் களிமண் பரப்பிக் கொஞ்சம் நெருப்பும் வைத்திருப்பார்கள், கைக்குழந்தையும் கூட இருக்கும் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் பலர் எழுதியிருப்பதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அலை உடைகிற இடத்திலயா, பிள்ளையையும் வச்சிக்கிட்டா?' என்றார். ஆமாம் என்றேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.